ஒரு பொத்தானுக்குப் பெயர் வைத்த கதை

'ஈஸியா இருக்கணும்' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். யாருக்கு ஈஸி என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். இந்தக் குணத்தால் வேலை பார்த்த இடங்களில் எனக்கு நல்ல பெயர் கிடைத்ததில்லை. வாயாடி என்பார்கள், பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து தொற்றிக்கொண்டது என்பதை மட்டும் எழுதி வைத்துவிடுகிறேன்.

செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் ஏறத் தொடங்கிய காலம். மதுரையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அச்சு மெஷினில் எத்தனை தாள் ஓடியிருக்கிறது என்று எண்ணுகிற பெட்டி, காகிதம் வெட்டும் மெஷினுக்குக் கண்ட்ரோல் போர்டு, இப்படிப்பட்ட வேலைகள். காலண்டர் சீசன் வந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. பட்டறை ஓனரை நாங்கள் எல்லோரும் அண்ணே என்போம். தங்கமான மனிதர். ஆனால் யார் என்ன கேட்டாலும் முடியாது என்று சொல்ல வராது. எங்களுக்கு வந்த பாதித் தொல்லை அதனால் வந்ததுதான்.

அப்பாவுக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. மருந்து கலக்குகிற அறையில் இல்லை. வானத்தில் போய் விரிகிற பேன்ஸி ரகங்களை வெட்டவெளியில் குழாய்க்குள் இறக்கி, மேலே விட்டுப் பார்க்கிற டெஸ்டிங் வேலை. என்னைப் படிக்க வைத்த காசு அந்தக் குழாய்களிலிருந்துதான் வந்தது. ஒருநாள் அந்தக் கம்பெனியின் முதலாளியே எங்கள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் சரக்கு வரிசையாக மேலே போகவேண்டும், அப்படி ஒரு பெட்டி செய்ய முடியுமா என்று கேட்டார். கோயில் திருவிழா, பெரிய வீட்டுக் கல்யாணம் என்று ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கலாமாம். அண்ணன் உடனே முடியும் என்று சொல்லிவிட்டார்.

பெட்டியைப் பட்டறையில் செய்தோம். பெட்டியிலிருந்து ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வயர் போகும். கம்ப்யூட்டர் சொன்னால் பெட்டி அந்த வயரில் கரண்ட் விடும், சரக்கு கிளம்பும். திரையில் படம், பொத்தான், பாட்டுக்கு ஏற்ற வரிசை இதையெல்லாம் எழுதிக் கொடுக்க முதலாளி சென்னையில் ஒருவரைப் பிடித்திருந்தார். அவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்கிற கட்டளைத் தொகுப்பு, லைப்ரரி என்போம், அதை எழுதுவது என்னுடைய வேலை. வீட்டில் சுவிட்சைப் போடுகிறவருக்கு டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஒன்றும் தெரியவேண்டியதில்லை இல்லையா, அது மாதிரி. சென்னைக்காரர் கூப்பிடுவதற்கு நாலைந்து கட்டளைகளை நான் எழுதிக் கொடுப்பேன். கரண்ட், வயர், பெட்டி எல்லாம் அந்தக் கட்டளைகளுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். அந்தக் கட்டளைகளுக்கு என்ன பெயர், எதை முதலில் கூப்பிடவேண்டும், தப்பாகக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பதுதான் இந்த வேலையின் உயிர். மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

முதலாளி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'பார்' என்றால் வயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும், சரக்கு கிளம்பாது. 'நிறுத்து' என்றால் நின்றுவிடும். மூன்றாவதாக 'வெடி' என்றேன். முதலாளியின் முகம் மாறிவிட்டது.

"அதை எடுத்துரும்மா. எழுத்துல கூட வேண்டாம்."

எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கம்பெனி காம்பவுண்டுக்குள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். தீ என்றும் சொல்ல மாட்டார்கள். வெடிக்குப் பெயர் சரக்கு. பற்றவைப்பதற்குப் பெயர் அனுப்புவது. எப்போதாவது நடந்துவிடுகிற அந்தக் காரியத்துக்குப் பெயரே கிடையாது, 'அன்னிக்கு' என்பார்கள். எங்கள் சித்தப்பா போனது அன்னிக்குத்தான். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். வேனில் போனவர் வேனில் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள்ளும் அந்தச் சொல் வந்ததில்லை. தீபாவளியன்று கூட "பிள்ளைக போட்டாச்சா" என்றுதான் அப்பா கேட்பார். அந்தச் சொல்லைச் சொல்லி அப்பா வாயால் நான் கேட்டதே இல்லை.

அதனால் முதலாளி சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை. "அண்ணாச்சி, இதைப் படிக்கப் போறவரு மெட்ராஸ்ல இருக்காரு. அவருக்கு இது என்ன செய்யும்னு பேரைப் பாத்ததும் தெரியணும். தெரியாமத் தொட்டுட்டா யாரு பதில் சொல்றது?"

"நீ படிச்ச பிள்ளை. நான் மறுக்கலை. ஆனா சொல்லு பலிச்சிரும்மா. நாங்க நித்தம் அதோட கெடக்கோம்" என்றார் முதலாளி.

அண்ணன் நடுவில் புகுந்தார். "'அனுப்பு'ன்னு வச்சிருவோம் அண்ணாச்சி. விடுங்க."

முதலாளிக்குத் திருப்தி. திரையில் வருகிற பொத்தானுக்கும் அவரே பெயர் வைத்துவிட்டார். சிவப்பு கூடாது, நல்ல பச்சையாக இருக்கட்டும், மங்களமாகச் 'சரி' என்று போடச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் தலையாட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெயரில் எச்சரிக்கை வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. சரி, வேறு இடத்தில் வைக்கிறேன் என்று வீம்பு பிடித்தேன். குழாய்ப் பக்கம் இருக்கிற பெட்டியில் ஒரு சாவித்துவாரம் வைக்கச் சொன்னேன். குழாய்க்கு அருகில் வேலை செய்கிறவர் சாவியை உருவிக்கொண்டுதான் போகவேண்டும். வேலை முடிந்து தள்ளி வந்து சாவியைப் போட்டுத் திருப்பினால் பெட்டி புதிதாக ஒரு எண்ணைக் கொடுக்கும். 'அனுப்பு' என்கிற கட்டளைக்கு எந்த வயர் என்று மட்டும் சொன்னால் போதாது, அந்த எண்ணையும் கையில் கொடுக்கவேண்டும். சாவியை உருவிய நொடியில் எண் செத்துப்போகும். செத்த எண்ணோடு வந்தால் லைப்ரரி கதவைத் திறக்காது. அடுத்த தடவை சாவி போடும்போது வேறு எண்.

சாவி கரண்டையே வெட்டுகிற மாதிரி வையுங்கள் அண்ணே, அதுதான் முறை என்றும் சொன்னேன். "அடுத்த பெட்டியில பாத்துக்கிடலாம்மா, நாள் இல்லை" என்றார். ஆக, சாவி திரும்பியிருக்கிறதா இல்லையா என்று பெட்டி என்னிடம் சொல்லும், அவ்வளவுதான். அப்பாவுக்கும் அந்தக் கரண்டுக்கும் நடுவில் இருந்தது நான் எழுதிய நாலு வரி மட்டும். அதை நினைத்தால் சோறு இறங்காது எனக்கு.

லைப்ரரியை மெயிலில் அனுப்பிய மறுநாளே சென்னைக்காரர் போன் செய்தார். மரியாதையான ஆள், குரலில் சலிப்பு மட்டும் அப்பட்டமாகத் தெரிந்தது.

"மேடம், ஒண்ணை அனுப்புறதுக்கு எதுக்கு மூணு வரி எழுதணும்? சாவி நம்பரைக் காலையில ஒரு தடவை வாங்கி உள்ள வச்சுக்கிட்டு, நாள் பூரா நீங்களே அதை ஒத்துக்கங்களேன். எனக்கு 'அனுப்பு, அஞ்சு'ன்னு ஒரே வரி போதும். லைப்ரரின்னா ஈஸியா இருக்கணும். யூசருக்கு எதுக்குத் தொந்தரவு?"

"யாரு சார் யூசர்?"

"நான்தான் மேடம்."

"அங்கன குழாய்கிட்ட குனிஞ்சு நிக்கிறவரு?"

"அவரு இதை யூஸ் பண்ணலையே" என்றார்.

நோகாமல் நுங்கு தின்னவேண்டும் அவருக்கு. ஆனால் பொய் சொல்லக்கூடாது, அவர் சொன்னதும் ஒரு வகையில் நியாயம்தான். நானும் அடுத்தவர் எழுதிய லைப்ரரிகளைத் திட்டியிருக்கிறேன். ஒரு ஃபைலைத் திறக்க ஆறு கேள்வி கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். கூப்பிடுகிறவனை அலையவிடாமல் இருப்பதுதான் நல்ல லைப்ரரிக்கு அழகு என்று நானே அடுத்தவருக்குச் சொல்வேன். ஆனால் இந்தப் பக்கம் இருப்பவனுக்கு மூன்று வரியை ஒரு வரியாக்கிக் கொடுத்தால், அந்த இரண்டு வரியின் பாரத்தை அந்தப் பக்கம் யாரோ சுமக்கவேண்டும். இங்கே சுமக்கப் போகிறவர் என் அப்பா. முடியாது என்று சொல்லி போனை வைத்தேன்.

அவர் முதலாளியிடம் சொன்னார், முதலாளி அண்ணனிடம் சொன்னார். அண்ணன் என் மேஜைக்கு வந்து நின்றார். "ஒரு வரிதானம்மா கேக்காரு, மாத்திக் குடுத்துரு. ஆர்டர் கை நழுவிப் போயிரும் போலருக்கு."

"மாத்த மாட்டேண்ணே. வேற யாரையாவது வச்சு மாத்திக்கிடுங்க. நான் எழுதின வரைக்கும் சாவி நம்பர் இல்லாம அனுப்பாது."

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளோட்டம் முடியட்டும், பேசிக்கொள்வோம் என்று போய்விட்டார். அவர் குரல் இருந்த விதத்தைப் பார்த்து, வெள்ளோட்டத்துக்கு மறுநாள் எனக்கு வேலை இருக்காது என்று முடிவு செய்துகொண்டேன். அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. வெள்ளோட்டத்தில் குழாய்ப் பக்கம் நிற்கப்போவது அப்பா. அது ஒன்றுதான் கவலை.

வெள்ளோட்டத்தன்று காலையில் அப்பா கம்பெனி வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வாசலில் மறித்தேன்.

"குழாய்கிட்ட போகும்போது சாவியைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்கப்பா. எத்தனை வாட்டி போனாலும் எடுத்துக்கிட்டுப் போங்க."

"சூப்பர்வைசரு எடுக்க வேண்டாங்காரு. எடுத்தா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமாம்ல. அந்த மெட்ராஸ்காரரு சலிச்சுக்கிடுவாராம்."

"சலிச்சிட்டுப் போறாரு. அவரு சலிப்பு பெருசா, உங்க உசுரு பெருசா?"

"காலங்காத்தால என்ன பேச்சு பேசுற" என்று அம்மா உள்ளிருந்து அதட்டினாள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முதலாளி பக்கத்துல நிப்பாரு தாயி. அவரு முன்னாடி சும்மா சும்மா சாவியத் தூக்கிக்கிட்டு அலைய முடியுமா? பாத்துக்கிடுவோம்." எனக்கு அந்தப் 'பாத்துக்கிடுவோம்' பிடிக்கவே பிடிக்காது. எடுப்பேன் என்றும் அதில் இல்லை, எடுக்க மாட்டேன் என்றும் இல்லை. வேன்காரர் ஹாரன் அடித்தார், அப்பா ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று நான் பட்டினியாகத்தான் கிளம்பினேன்.

கம்பெனிக்குப் பின்னால் கருவேலம் புதர்களை வெட்டிச் சமதளமாக்கிய பொட்டல் அது. ஒரு கோடியில் மணல் மூட்டைகளுக்கு நடுவில் குழாய்களை நட்டிருந்தார்கள். இந்தக் கோடியில் வேப்பமரத்தடியில் மேஜை, அதன்மேல் சென்னைக்காரரின் லேப்டாப். முதலாளி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் பக்கத்தில் வைத்திருந்தார். வெயில் கொளுத்தியது. சென்னைக்காரர் நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா எல்லாக் குழாயிலும் சரக்கை இறக்கி வயரை மாட்டிவிட்டு, தள்ளி வந்து, பெட்டியில் சாவியைப் போட்டுத் திருப்பினார். சென்னைக்காரர் 'பார்' என்பதை அமுக்கினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஐந்தாவது வயர் தொடர்பு விட்டிருக்கிறது என்று எழுதி, அதற்குக் கீழே மூடுவதற்கு ஒரு 'சரி' பொத்தான். அதை மூடினால் பின்னால் பெரிய திரை. அதிலும் நடுவில், அதே இடத்தில், முதலாளி கேட்ட மாதிரியே பச்சையாக இன்னொரு சரி. அது எல்லாவற்றையும் வரிசையாக அனுப்புகிற சரி. இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதை அப்போதுதான் பார்த்தேன்.

"அஞ்சாவதப் பாருப்பா" என்று முதலாளி கையைக் குவித்துக் கத்தினார். அப்பா கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குழாய்ப் பக்கம் நடந்தார். பெட்டிக்கு முன்னால் ஒரு மணல் மூட்டை மறைத்தது. அவர் பெட்டியைத் தாண்டிக் குழாய் வரை போனார், பிறகு ஏதோ மறந்தவர்போலத் திரும்பி மூட்டைக்குப் பின்னால் குனிந்தார், மறுபடி குழாய்க்கு வந்தார். குனிந்தது சாவிக்கா, ஸ்குரூ டிரைவருக்கா? அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்பா ஐந்தாவது குழாயின் மேல் கவிந்து வயரைத் திருக ஆரம்பித்தார். அவர் முகம் குழாயின் வாய்க்கு நேராக இருந்தது.

சென்னைக்காரர் சரியாகிவிட்டதா என்று மறுபடி 'பார்' அமுக்கினார். ஐந்தாவது விட்டிருக்கிறது. சரி. மறுபடி 'பார்'. விட்டிருக்கிறது. சரி. "கொஞ்சம் பொறுங்க சார், அவரு வந்துரட்டும்" என்றேன். "சும்மா செக் பண்றேன் மேடம், இதுல ஒண்ணும் ஆகாது" என்றார். வெயிலுக்கு லேப்டாப் திணறியது. அவர் சரியை அமுக்கினார், அந்தச் சின்னப் பெட்டி மூடவில்லை. பொறுமை இல்லாமல் இன்னொரு தரம் அமுக்கினார். முதல் அமுக்கலுக்குச் சின்னப் பெட்டி மூடியது. இரண்டாவது அமுக்கல் பின்னால் இருந்த பச்சைச் சரியில் போய் விழுந்தது. பொத்தான் உள்ளே அமுங்கி மேலே வருவதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்பா என்று கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நான் எழுதிய நாலு வரியும் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. எல்லாவற்றையும் சரியாக எழுதினேனா என்ற பயம் மட்டும்தான் இருந்தது. பொட்டலில் ஒரு சத்தமும் இல்லை. அப்பா நிமிர்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி குனிந்தார்.

திரையைப் பார்த்தேன். 'சாவி இல்லை. அனுப்பவில்லை.' என்று இருந்தது.

"பாருங்க சார், இதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். எதைத் தொட்டாலும் எரர்" என்றார் சென்னைக்காரர், முதலாளியிடம்.

முதலாளி குனிந்து வாசித்தார். "என்னம்மா இது, மொத மொதல்ல 'இல்லை'ன்னு வருது? நல்ல காரியம் ஆரம்பிக்கும்போது. அதை மாத்திரு."

அவ்வளவுதான், எனக்கு அடக்க முடியவில்லை. "அது இல்லைன்னு வந்ததாலதான் அண்ணாச்சி எங்கப்பா அங்கன நிக்காரு. இவரு இப்ப அமுக்குனது அந்தப் பச்சைப் பொத்தானை. எங்கப்பா மூஞ்சி அந்தக் குழாய்க்கு மேல இருக்கு. இல்லாட்டி இந்நேரம் வெடிச்சிருக்கும்."

முதலாளி அந்தச் சொல்லைக் கேட்டதும் கம்பெனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். சென்னைக்காரர் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் சரியைத்தானே அமுக்கினேன்" என்றார். அவர் உதடு வெளுத்துவிட்டது. அந்தப் பையன்மேல் இருந்த கோபம் எனக்கு அப்போதே போய்விட்டது.

என் சத்தம் கேட்டு அப்பா வந்தார். சாவி அவர் பல்லுக்கு நடுவில் இருந்தது, இரண்டு கையிலும் வேலை இருந்ததால் வாயில் கவ்வியிருக்கிறார். முதலாளி அவரிடம், "உம் மக என்ன வார்த்தை சொல்லுதுன்னு கேளுப்பா" என்றார்.

அப்பா சாவியை வாயிலிருந்து எடுத்தார். "என்ன தாயி?"

"நீங்க குனிஞ்சிருக்கும்போது இவரு அமுக்கிட்டாருப்பா. எல்லாத்தையும் அனுப்புறதை."

அப்பா சென்னைக்காரரைப் பார்த்தார். "அமுக்குனீகளா தம்பி?"

அவர் தலையை அசைத்தார்.

அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் சாவி எச்சிலோடு இருந்தது. "எடுக்க வேண்டாம்னுதான் இருந்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "குழாய் வரைக்கும் போயிட்டேன். இந்தப் பிள்ளை காலைல கத்துனது ஒரு மாதிரியா இருந்துச்சு. திரும்பிப் போயி உருவிக்கிட்டு வந்தேன்."

முதலாளி எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். "சரி விடு, ஒண்ணும் ஆகலைல்ல. தண்ணியக் குடி" என்றார்.

அப்பா தண்ணீரை வாங்கவில்லை. "அண்ணாச்சி, அந்தப் பொத்தான்ல வெடின்னு எழுதச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவா சொன்னார் என்று இருந்தது.

"நீயுமாப்பா?" என்றார் முதலாளி. "அந்தச் சொல்லை இங்கன வச்சுச் சொல்லலாமா?"

"எந்தம்பி போனான்ல அன்னிக்கு, அன்னிக்கு யாரு சொன்னா அண்ணாச்சி? ஒருத்தரும் சொல்லலியே. சொல்லாமதான வெடிச்சுச்சு."

அப்பா துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் போய் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அண்ணன் யாரும் சொல்லாமலேயே பெட்டிக்குப் போகிற வயரை லேப்டாப்பிலிருந்து உருவினார். சென்னைக்காரர் தன் புரோகிராமைத் திறந்து, பச்சைப் பொத்தான் இருந்த வரியைத் தேடி, 'சரி' என்பதை அழித்துவிட்டு அந்த இரண்டு எழுத்தை அடித்தார்.